ஒகேனக்கல் தண்ணியும் ஒரு கோடு போட்ட நோட்டும்

முதல் நாள், ஏப்ரல் 27, தருமபுரி

கும்பகோணத்தில் ஏறி, சேலத்தில் பஸ் மாறி, தொப்பூர் கணவாய் ஏறும்போது மணி நாலு. எதிர்ப்பக்கச் சரிவில் இறங்கும் லாரிகளின் பிரேக் கருகல் வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. பக்கத்து சீட் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதத் தாண்டிட்டா நம்ம ஊருதான்" என்றார். என்னையும் சேர்த்துக்கொண்டுதான் சொன்னார். இந்த மாவட்டத்தில் நான் முகம் பார்த்துப் பேசிய ஒரே ஆள் என் ஹாஸ்டல் ரூம்மேட். அவளும் இப்போது ஊரில் இல்லை.

இதழியல் முதுகலை, இரண்டாம் வருஷம். கடைசி செமஸ்டருக்குப் புலனாய்வுக் கட்டுரை ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டும். வகுப்பில் ஆளுக்கொரு ஊழலைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் மணலைப் பிடித்தான், இன்னொருத்தி பார்க்கிங் டெண்டரைப் பிடித்தாள். நான் பல்லைப் பிடித்தேன்.

காரணம் அந்த ரூம்மேட்தான். முதல் வருஷம், சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத நேரத்தில், "நீ டீ நிறைய குடிப்பியா?" என்று கேட்டுவிட்டேன். அவள் முன்பற்களில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் திட்டு, அதன் நடுவில் காவிக் கோடு. இரண்டு நாள் அவள் பேசவில்லை. மூன்றாம் நாள், "எங்க ஊர்ல எல்லாருக்கும் இப்படித்தான்டி இருக்கும். தண்ணி" என்றாள். அதன் பிறகுதான் ஒன்று கவனித்தேன். இரண்டு வருஷமாக அவள் சிரித்த ஒரு போட்டோகூட என் போனில் இல்லை. எல்லாவற்றிலும் உதட்டை மூடிக்கொண்டு நிற்கிறாள்.

நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு. தருமபுரி, கிருஷ்ணகிரி என்றாலே தண்ணீர்த் துறைக்காரர்கள் முதலில் சொல்லும் சொல் அதுதான். இதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஜப்பான் கடனுதவி, 1,928.80 கோடி ரூபாய். 2008 பிப்ரவரி 26 அன்று கருணாநிதி அடிக்கல் நாட்டினார், 2013 மே 29 அன்று ஜெயலலிதா தொடங்கிவைத்தார். திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் தடுப்பு இருக்கிறது, ஃப்ளோரைடு அதிகமாகிப் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் நோய் அது. நோயைப் பெயரில் சுமக்கும் குடிநீர்த் திட்டம் வேறெங்காவது இருக்கிறதா என்று தேடினேன், என் கண்ணில் படவில்லை.

என் கேள்வி எளிமையானது. ரூம்மேட்டின் ஊருக்குக் குழாய் போய்ப் பல வருஷமாகிறது. குழாய் வந்த பிறகு பிறந்த அவள் அக்கா மகனுக்கும் ஏன் பல்லில் திட்டு? மார்ச் மாதமே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன். முப்பது நாள் கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது பதில் வந்தது. 'மேற்படி குடியிருப்புக்குக் குடிநீர் சீராக வழங்கப்பட்டு வருகிறது.' ஒரே வரி, கீழே பச்சை மையில் கையெழுத்து.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் உள்ளூர் நிருபர் அண்ணன் ஒருவரைச் சந்தித்தேன். இருபது வருஷமாகப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்புகிறவர். காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் எடுக்கும் அளவை வைத்து 'ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து இத்தனை கன அடி' என்று அனுப்புவதுதான் அவருடைய தினசரி முதல் வேலை. "எனக்குக் கல்யாணம் ஆன அன்னிக்கும் அனுப்பினேன்மா. முகூர்த்தம் ஆறு மணிக்கு, நீர்வரத்து ஏழு மணிக்கு."

என் கேள்விப் பட்டியலைக் காட்டினேன். இரண்டு பக்கம், எண் போட்டு. படித்துவிட்டு மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

"ஊருக்குள்ள போனதும் தண்ணியப் பத்திக் கேக்காத பாப்பா. குடிக்கத் தண்ணி கேளு. எந்தக் குடத்துல மொண்டு குடுக்கறாங்கன்னு மட்டும் பாரு."


இரண்டாம் நாள், ஏப்ரல் 28, ஊரில்

ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. பென்னாகரம் சாலையில் இண்டூர் தாண்டிப் பிரியும் ஒரு கிளைச் சாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ரூம்மேட்டின் ஆயா வீட்டில்தான் தங்கல். பேத்தி போன் பண்ணிச் சொல்லியிருக்கிறாள், 'தண்ணி படிக்க ஒரு பொண்ணு வருது' என்று. தண்ணி படிக்க! என் படிப்புக்கு இதைவிட நல்ல பெயர் யாரும் வைத்ததில்லை.

நிருபர் அண்ணன் சொன்னபடியே செய்தேன். "ஆயா, கொஞ்சம் தண்ணி."

திண்ணையிலிருந்து பார்த்தால் அடுப்படி தெரியும். அங்கே மூன்று தண்ணீர் இருந்தது. மூலையில் சிமெண்டுத் தொட்டி, அது பாத்திரம் கழுவ. மேடையில் இரண்டு பிளாஸ்டிக் குடம், மேலே தட்டு போட்டு மூடியது. ஜன்னல் ஓரம் இருபது லிட்டர் கேன், அதன் கழுத்தில் ஒரு துணி கட்டியிருந்தது. ஆயா கேனைச் சாய்த்து எனக்கு ஒரு சொம்பு ஊற்றினார். பிறகு தான் குடிக்க, குடத்தில் மொண்டார்.

"நீங்க ஏன் ஆயா கேன் தண்ணி குடிக்கல?"

"அது விருந்தாடிக்கு. மாசத்துக்கு ரெண்டு கேனு. பையன் வந்தா, பேத்தி வந்தா. நான் எதுக்குக் காசு குடுத்துத் தண்ணி குடிக்கோணும்? இது ஒகேனக்கல் தண்ணிதானே."

கல்லூரியில் சுற்றுச்சூழல் துறையில் கெஞ்சி வாங்கி வந்த கள ஆய்வுப் பெட்டியைத் திறந்தேன். சின்னக் குழாயில் தண்ணீர், அதில் சில சொட்டு மருந்து. ஃப்ளோரைடு குறைவாக இருந்தால் ரோஸ் நிறம், கூடக்கூட மஞ்சள் பக்கம் நகரும். அட்டையில் அச்சடித்த நிறங்களோடு ஒட்டி வைத்துப் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 வரை போகலாம்.

முதலில் கேன் தண்ணீர். நல்ல ரோஸ். அடுத்து வயலோரம் இருக்கும் போர் தண்ணீர். ஊற்றி முடிப்பதற்குள் எலுமிச்சை நிறம். சுற்றி நின்ற பிள்ளைகள் "ஓ" என்று கத்தினார்கள். கடைசியாக ஆயாவின் குடம். ரோஸும் இல்லை, மஞ்சளும் இல்லை. பழைய பட்டுப்புடவையின் சாயம் போன இடம் மாதிரி ஒரு நிறம். அட்டையில் 1.5க்கும் 2க்கும் நடுவே வைத்துப் பார்த்தேன். வெயிலில் பார்த்தேன், நிழலில் பார்த்தேன். திரும்ப ஒரு முறை செய்தேன். அதே நிறம்.

இந்த ஊர்ப் பாறையில்தான் விஷயம் இருக்கிறது. கருங்கல்லும் அதைச் சேர்ந்த பாறைகளும் தண்ணீரில் மெல்ல மெல்லக் கரையும்போது அதிலிருந்து ஃப்ளோரைடு வருகிறது. மழை குறைய, போரை இன்னும் ஆழமாக இறக்க, தண்ணீர் பாறையோடு கிடக்கும் காலம் கூடுகிறது. கண்ணுக்குத் தெரியாது, மணம் கிடையாது, ருசியும் மாறாது. கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும். பால்பல் விழுந்து முளைக்கும் பல்லில்தான் திட்டு தெரியும், ஏனென்றால் அந்தப் பல் ஈறுக்குள் உருவாகிற வயதில் குடித்த தண்ணீர்தான் கணக்கு. பெரியவர்களுக்குப் பல வருஷம் கழித்து முதுகிலும் முட்டியிலும் இறங்கும். இந்தியாவில் இதை முதலில் பதிவு செய்தது 1937இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் பக்கம். மாடுகள் நடக்க முடியாமல் நின்றதை விவசாயிகள் கவனித்ததிலிருந்துதான் பேச்சு தொடங்கியது என்பார்கள்.

ஆயா இதையெல்லாம் ஒரே வரியில் முடித்துவிட்டார். "பல்லுல கறைன்னா தண்ணின்னு சொல்றாங்க. முட்டி புடிச்சா வயசுன்னு சொல்லிடறாங்க."

சரி, ஒகேனக்கல் குழாயில் வருகிற தண்ணீரில் எப்படி ஃப்ளோரைடு? மாலை டீக்கடையில் அதற்கு விடை கிடைத்தது. ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கேன் வியாபாரியும் டேங்க் ஆபரேட்டரும் கூட்டு என்றார். நல்ல தண்ணீரை அடைத்துவிட்டு போர் தண்ணீரை விடுகிறார்களாம், அப்போதுதானே கேன் விற்கும். எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஆள், நோக்கம், பணம் மூன்றும் ஒரே டீயில் கிடைத்துவிட்டது. இதை எழுதும்போது இரவு பதினொன்று. தூக்கம் வரவில்லை.


மூன்றாம் நாள், ஏப்ரல் 29, அதே ஊர்

நேற்று கடைசிப் பத்தியில் எழுதியது தவறு. அழிக்காமல் விட்டுவைக்கிறேன், எனக்கு அது தேவை.

காலையில், கட்டுரைக்கு வழிகாட்டும் எங்கள் சார் போன் செய்தார். நான் இரவு அனுப்பியதைப் படித்திருக்கிறார். நலம் விசாரிக்கவில்லை.

"கூட்டுன்னு யார் சொன்னது?"

"டீக்கடையில ஒருத்தர், சார்."

"ரெண்டாவது ஆள் யாரு?"

நான் பேசவில்லை.

"சொன்னவருக்கும் ஆபரேட்டருக்கும் ஏதாவது தகராறு இருக்கான்னு கேட்டியா? கேன் வியாபாரிகிட்ட பேசினியா? ஆபரேட்டர்கிட்டயாவது? யாரையும் கேக்காம ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு ஆள திருடன்னு எழுதிட்டு நீ படுத்துட்ட. அவரு படுத்தாரா?"

பேர் போடவில்லையே சார் என்று சொல்ல வாயெடுத்தேன். இந்த ஊரில் டேங்க் ஆபரேட்டர் ஒருவர்தான். சொல்லாமல் விட்டேன்.

விசாரித்ததில் டீக்கடை அண்ணனுக்கும் ஆபரேட்டருக்கும் குழாய் இணைப்பு விஷயத்தில் நாலு வருஷப் பகை. ஆயாவுக்கே தெரிந்திருக்கிறது. "அத என்கிட்ட கேட்டிருந்தா நேத்தே சொல்லியிருப்பேனே" என்றார். கேன் வண்டி வாரத்துக்கு இரண்டு தடவை பக்கத்து ஊரிலிருந்து வருகிறது. ஓட்டுகிற பையனுக்கு ஆபரேட்டர் யார் என்றே தெரியவில்லை.

ஆபரேட்டரைப் பார்க்க மேல்நிலைத் தொட்டிக்குப் போனேன். ஐம்பது வயதிருக்கும். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட் வால்வுக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார். நேற்று எழுதியதை அவர் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் எனக்கு முகம் கொடுக்கக் கஷ்டமாக இருந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று பட்டது. சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "கூட்டு வெச்சிருந்தா இந்த சைக்கிள மாத்தியிருக்க மாட்டனா?" என்று சாய்த்து வைத்த சைக்கிளைக் காட்டினார். பெடல் ஒன்றில் வெறும் கம்பிதான் இருந்தது.

அப்புறம் அவராகவே காட்டினார். தொட்டிக்கு ஏறும் குழாய்கள் இரண்டு. ஒன்று ஒகேனக்கல் லைன், இன்னொன்று ஊர் போர். இரண்டும் ஏறுவது ஒரே தொட்டிக்கு. ஒகேனக்கல் தண்ணீர் சில நாள் முழுசாக வரும், சில நாள் நூல் மாதிரி வரும், எங்காவது ரோடு வேலைக்குக் குழி தோண்டிக் குழாயை உடைத்துவிட்டால் நாலைந்து நாள் வரவே வராது. தொட்டி காய்ந்தால் காலை ஆறு மணிக்கு அவர் வீட்டு வாசலில் காலிக் குடம் வரிசையாக நிற்கும். அதனால் போர் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பிவிடுகிறார். குழாயைத் திறந்தால் வருவது எந்தத் தண்ணீர் என்று கேட்கிறவர்கள் இல்லை. தண்ணீர் வந்ததா இல்லையா என்பதுதான் கேள்வி.

"இதெல்லாம் எங்கயாச்சும் எழுதி வெச்சிருக்கீங்களாண்ணா?"

மோட்டார் ரூமுக்குள் போய், சுவிட்ச் போர்டுக்குப் பின்னால் செருகியிருந்த நோட்டை எடுத்து வந்தார். எண்பது பக்கக் கோடு போட்ட நோட்டு, பின் அட்டையில் வாய்ப்பாடு. உள்ளே தேதி, அதன் நேரே ஒற்றை எழுத்து. 'ஒ' என்றால் ஒகேனக்கல். 'போ' என்றால் போர். சில நாள் 'ஒ+போ'. பக்கத்தில் மோட்டார் ஓடிய நேரம். நடுவில் இரண்டு வாரம் கையெழுத்து வேறு மாதிரி உருண்டையாக இருந்தது. அவருக்குக் கையில் அடிபட்டபோது மகள் எழுதியதாம். அந்தப் பொண்ணு 'போ' என்று எழுதாமல் 'போர்வெல்' என்று முழுசாக எழுதியிருக்கிறாள், கீழே கோடும் போட்டு. ஒரு பக்கத்தில் கிரீஸ் விரல் ரேகை. ஒரு பக்கத்தில் நசுங்கிய கொசு. பக்கத்துக்குப் பக்கம் புரட்டிக்கொண்டே போனேன். மார்ச்சிலிருந்து 'போ' 'போ' என்றே போகிறது.

"எதுக்குண்ணா எழுதறீங்க? யாரு எழுதச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லல. முன்ன ஒருக்கா தெருவுக்குத் தெரு சண்டை வந்துது, நான் மேலத்தெருவுக்கு மட்டும் தண்ணி வுடறேன்னு. அப்பத்துல இருந்து எழுதறேன். யாராச்சும் கேட்டா காட்டலாம்னு." கொஞ்சம் நிறுத்தி, "இது வரைக்கும் யாரும் கேக்கல" என்றார்.

போனை எடுத்தேன், படம் எடுக்க. அவர் நோட்டின் மேல் கை வைத்தார். முரட்டுத்தனமாக இல்லை, சும்மா ஒரு கை. "நீ பாரு, எழுதிக்கோ. போட்டோ வேணாம்மா. பொழப்பு இது."

சாருக்குப் போன் செய்தேன். ஆளின் பெயர் வேண்டாம், ஊர் பெயரும் வேண்டாம், ஊரைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி என்றேன்.

"ஊர் பேர் இல்லாம எழுதினா அது புலனாய்வு இல்ல, சிறுகதை. அவரை நிறுத்தாமலே இதை நிரூபிக்கற காகிதம் ஏதாவது இருக்கும், தேடு" என்று வைத்துவிட்டார்.


நான்காம் நாள், ஏப்ரல் 30, ஒகேனக்கல் போய்த் திரும்பி

காகிதம் எங்கே என்று தெரியாததால் ஆற்றைப் பார்க்கப் போனேன். இதை ஆராய்ச்சி என்று சார் ஏற்கமாட்டார். பரவாயில்லை, பயணக் கட்டுரையில் ஆறு இல்லாமல் எப்படி?

பென்னாகரத்திலிருந்து பஸ் மலைப்பாதையில் இறங்கிக்கொண்டே போகிறது. இந்த இறக்கம்தான் தருமபுரியின் முழுக்கதை என்று ஏழெட்டு வளைவு தாண்டியபோது புரிந்தது. ஆறு பள்ளத்தில், ஊர்கள் மேட்டில். காவிரி இந்த மாவட்டத்தைத் தொட்டுக்கொண்டு ஓடினாலும் தானாக ஒரு வாய்க்கால்கூட மேலே ஏறாது. ஒவ்வொரு சொட்டையும் மோட்டார் வைத்துத் தூக்க வேண்டும். உபரி நீரையாவது ஏற்றி ஏரிகளில் விடுங்கள் என்று இவர்கள் வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாத்தா என் ஊரைக் கேட்டார். கும்பகோணம் பக்கம் என்றேன்.

"அப்ப இது உங்க தண்ணி" என்றார். "எங்க ஊர் வழியா உங்க ஊருக்குப் போவுது. நாங்க மேல நின்னு டாட்டா காட்டுவோம்."

ஜூன் 12 மேட்டூர் திறப்பு என்றால் எங்கள் வீட்டில் அது பண்டிகை மாதிரி. பூ தூவி வரவேற்போம். அது வருகிற வழியில் யார் நிற்கிறார்கள் என்று நான் ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

ஏப்ரல் கடைசியில் அருவி மெலிந்து கிடந்தது. கன்னடத்தில் ஹொகே என்றால் புகை, கல் என்றால் கல்தான். அந்தப் புகையைப் பார்க்க ஆடி மாதம் வர வேண்டும் என்றார் பரிசல்காரர். பாறைகளுக்கு நடுவே பரிசல் போகும்போது குனிந்து ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்தேன். கரையில் வந்து மருந்து விட்டேன். அழகான ரோஸ். மீன் வறுக்கிற அக்கா எட்டிப் பார்த்து, "என்னம்மா, சோப்புத் தண்ணியா?" என்றார். வறுத்த மீன் இரண்டு துண்டு வாங்கினேன். எலுமிச்சை பிழிந்து கொடுத்தார். அரை மணி நேரம் கட்டுரையை மறந்தேன்.

திரும்பும்போது பாப்பாரப்பட்டியில் இறங்கினேன். சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23 அன்று காலமானது இங்கேதான். மேடையில் பேசியதற்காகச் சிறை, சிறையில் தொழுநோய், அந்த நோயைக் காட்டி ரயிலில் ஏற விடாததால் கால்நடையாகவே ஊர் ஊராகப் போனவர். இதெல்லாம் பள்ளிப் பாடத்தில் படித்தோம். அவர் 'ஞானபானு' என்று பத்திரிகை நடத்தியவர் என்பது இரண்டு வருஷ இதழியல் வகுப்பில் ஒரு முறைதான் காதில் விழுந்தது. மணிமண்டபத்தில் என்னைத் தவிர ஒரு காவலாளியும் ஒரு நாயும். இரண்டு பேரும் நிழலில் இருந்தார்கள்.

இருட்டும் நேரத்தில் ஆயா வீட்டுக்கு வந்தேன். ஆயா முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து வெள்ளை அட்டை ஒன்றை எடுத்து, "கரண்டு ரீடிங் எழுதிட்டுப் போயிருக்கான், எவ்ளோன்னு பாரு கண்ணு" என்றார்.

பார்த்தேன். தேதி, ரீடிங், யூனிட், தொகை. அடுத்த வரி. அதற்கடுத்த வரி. வருஷக்கணக்காக.

செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் மோட்டார் ரூமுக்கு ஓடினேன். போன் வெளிச்சத்தில் கதவைப் பார்த்தேன். சிவப்புப் பெயிண்டில், வழிந்த எழுத்தில், மின் இணைப்பின் சர்வீஸ் நம்பர். போர் மோட்டார் ஓடினால் யூனிட் ஏறும். யூனிட்டுக்குப் பணத்தை ஊராட்சி கட்டும். கட்டினால் கணக்கில் எழுதும். நாளை மே 1, கிராம சபை.


ஐந்தாம் நாள், மே 1, கிராம சபை

வருஷத்தில் ஆறு நாள் கிராம சபை. நான் இந்த ஊர் வாக்காளர் இல்லை, அதனால் உட்கார்ந்து கேட்கலாம், சபையில் பேச உரிமையில்லை. காலையில் ஆயாவிடம் விவரம் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "கரண்டு காசு எவ்ளோன்னு கேக்கோணும், அவ்ளோதானே" என்று புதுப்புடவை எடுத்தார்.

பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் கூட்டம். ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, அரசு நியமித்த தனி அலுவலர் பார்த்துக்கொண்ட காலம் என்பதால் மேசைக்குப் பின்னால் நாற்காலிகள் குறைவு. எழுபது எண்பது பேர் இருக்கும். பெரும்பாலும் நூறு நாள் வேலைப் பெண்கள். அவர்கள் கேள்வி சம்பள பாக்கி. நியாயமான கேள்வி, முக்கால் மணி நேரம் அதிலேயே போனது. ஆபரேட்டர் கடைசியில் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, அவரும் என்னைத் தெரிந்தவர் மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

வரவு செலவு வாசித்தார்கள். வேகமாக, ரயில்வே அறிவிப்பு மாதிரி. 'மின் கட்டணம்' என்று மொத்தமாக ஒரு தொகை வந்ததும் ஆயா எழுந்தார்.

"தெருவெளக்குக்கு எவ்ளோ, போர் மோட்டாருக்கு எவ்ளோ?"

வாசித்தவர் தலையைத் தூக்கினார். "எல்லாம் சேத்துத்தான் ஆயா."

"சேத்து எனக்கெதுக்கு? பிரிச்சுச் சொல்லு. போர் மோட்டாரு எத்தினி மாசமா ஓடுது?"

இரண்டு பெண்கள் சிரித்தார்கள். மூன்றாவது பெண், "ஆமாம், பிரிச்சுச் சொல்லுங்க" என்றாள். பிறகு நாலைந்து குரல். ரெஜிஸ்டர் வந்தது. சர்வீஸ் நம்பர் வாரியாக எழுதியிருந்தது. சிவப்புப் பெயிண்டு நம்பரை நான் உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தேன். கூட்டம் முடிந்து, கேட்டு, அந்தப் பக்கங்களைப் படமெடுத்தேன். யாரும் தடுக்கவில்லை, அது மறைக்கிற காகிதமே இல்லை. மாத எண்களைக் கட்டுரைக்காக வைத்துக்கொள்கிறேன். நோட்டில் 'போ' வரிசையாக நின்ற மாதங்களில்தான் தொகையும் ஏறியிருக்கிறது என்பதை மட்டும் சொல்லலாம். கட்டுரைக்கு இனி அந்த நோட்டு தேவையில்லை.

வந்திருந்த பொறியாளர் ஒருவர் எனக்குப் பொறுமையாகப் பதில் சொன்னார். அவர் சொன்னதில் நான் எதிர்பார்க்காத ஒன்று இருந்தது. "கலக்கறது தப்பில்லம்மா. ஃப்ளோரைடு அதிகமா இருக்கற தண்ணியோட நல்ல தண்ணியச் சேர்த்து அளவைக் குறைக்கறதும் ஒரு வழிதான்."

"எந்த விகிதத்துல கலக்கணும் சார்?"

"அது போர் தண்ணியில எவ்வளவு இருக்குங்கறதப் பொறுத்து."

"இந்த ஊர் போர்ல எவ்வளவு இருக்கு?"

ஃபைலைப் புரட்டினார். அந்தத் தகவல் அந்த ஃபைலில் இல்லை. அலுவலகத்தில் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். ஆளைப் பிடிக்க வந்த எனக்குக் கிடைத்திருப்பது அளக்காமல் விட்ட ஒரு விகிதம். தலைப்பு வைப்பதற்குக் கஷ்டமான விஷயம்.

ஆயா தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி நின்றார். தொட்டித் தண்ணீரை மாதாமாதம் சோதித்து முடிவைச் சுவரில் எழுத வேண்டும் என்று ஒரு வரி எழுதினார்கள். ஆயா கையெழுத்துப் போடத் தெரிந்தவர். பேனாவை வாங்கி மெதுவாகப் போட்டார்.

மதியம் களியும் கீரைக் குழம்பும். களியை உருட்டி விழுங்க வேண்டும், மெல்லக் கூடாது என்று ரூம்மேட்டின் அக்கா மகன் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். எட்டு வயது. அவன் பல்லைப் படமெடுத்து வர வேண்டும் என்பது என் பட்டியலில் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. அவன் அம்மாவும் சரி என்றுதான் சொன்னார். கேமராவை எடுத்ததும் பையன் வாயை இறுக்கி மூடி, கண்ணால் மட்டும் சிரித்தான். அதே ரூம்மேட்டின் போஸ். அந்தப் படத்தையே எடுத்துக்கொண்டேன். பல் இல்லாமல்.


ஆறாம் நாள், மே 2, தருமபுரி

பையில் மூன்று பிளாஸ்டிக் பாட்டில்: போர், தொட்டி, தெருக்குழாய். அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, பிறகு நிரப்பியது. ஃப்ளோரைடு கண்ணாடியோடு வினை புரியும் என்பதால் கண்ணாடி பாட்டில் ஆகாது. கள ஆய்வுப் பெட்டியின் நிறத்தை வைத்து அச்சில் எண் போடக் கூடாது, அதற்கு ஆய்வுக்கூட அறிக்கை வேண்டும்.

பஸ்ஸில் நல்ல கூட்டம், வெயில் காலையிலேயே காய்ந்தது. பக்கத்தில் கைக்குழந்தையோடு ஓர் அக்கா. குழந்தை அழுதது. "தண்ணி இருந்தா ஒரு வாய் குடும்மா" என்றார், என் பையில் எட்டிப் பார்த்த பாட்டிலைக் காட்டி.

"இது குடிக்கற தண்ணி இல்லக்கா."

பாட்டிலையும் என்னையும் பார்த்தார். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. "எந்த ஊரு தண்ணி?"

சொன்னேன்.

"எங்கூருக்குப் பக்கத்து ஊருதான்" என்றார். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. இண்டூரில் பஸ் நின்றபோது இறங்கி ஓடி இருபது ரூபாய் பாட்டில் ஒன்று வாங்கி வந்து கொடுத்தேன்.

ஆய்வுக்கூடத்தில் படிவம். மாதிரி எடுத்த நாள், நேரம், ஆதாரம். 'ஊர்' என்ற கட்டத்தில் ஊரின் பெயரை முழுசாக எழுதினேன். பணம் கட்டி ரசீது வாங்கினேன். பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள்.